அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை

ஃப்ளெக்ஸில் என் படத்தைப் போட்டார்கள். திருப்பரங்குன்றம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, பழக்கடையின் தலைக்கு மேலே கட்டியிருந்தார்கள். மன்றத் தலைவர் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். துணைத்தலைவர்கள் அவருடைய இடுப்பு உயரத்துக்கு. அதற்கும் கீழே உறுப்பினர்கள் ஒரு வரிசை. அந்த வரிசையின் கடைசியில், கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறதே என்று அச்சடித்தவர் செருகியதைப் போல, நான். மேலே கொட்டை எழுத்தில் ‘இளைஞர் கையில் கலைவிழா’ என்று போட்டிருந்தது. ஆட்டோவில் போன என் அம்மா வீட்டுக்கு வந்து, “ஒன்னயத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஆட்டோ கெளம்பிருச்சுடி” என்றாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. எங்கள் பகுதிக் கலை மன்றத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

மன்றத்துக்கென்று சொந்தக் கட்டடம் உண்டு. மாடியில் மேடையும் நாற்காலிகளும், கீழே சாப்பாட்டுக் கூடம். வருஷத்துக்கு ஒருநாள் கலைவிழா நடக்கும். மற்ற நாளெல்லாம் அதுவே கல்யாண மண்டபம். அந்தச் சமயத்தில் விழாவுக்குக் கூட்டம் வருவது நின்றுபோயிருந்தது. மேடையில் இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் எண்ணிக்கையில் சமமாகிவிட்டார்கள் என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம். அதனால்தான் பொதுக்குழுவில் திடீரென்று எல்லோருக்கும் எங்கள் மேல் பாசம் பொங்கியது. தலைவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், நல்ல குரல், வெள்ளைச் சட்டை கசங்காது. மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “இனிமே எல்லாம் பிள்ளைங்க பொறுப்பு. நம்ம செயலாளர் பாப்பா பாத்துக்கிரும். நாங்க பின்னாடி நின்னுக்கிர்றோம்.”

பாப்பாவாம். கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவளை மைக்கில் பாப்பா என்கிறார். கூட்டம் கைதட்டியது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கிடைத்த அதிகாரம் என்னவென்றால், சட்டையில் குத்திக்கொள்ள ரிப்பன் வைத்த ஒரு பேட்ஜ், அப்புறம் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பதவி. அந்த அட்மின் பதவியையும் மறுவாரமே மூன்று பெரியவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. ‘ஒரு பாதுகாப்புக்கு’ என்றார்கள். நான் என்ன, குழுவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடப் போகிறேனா?

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எது முன்னால், எது பின்னால், எது எவ்வளவு நேரம் என்கிற நிகழ்ச்சி வரிசையை நாங்கள்தான் முடிவு செய்வோம். தலைவர் சிரித்தார். “இதென்ன பெரிய விஷயம் பாப்பா. நீ போட்டதுதான் வரிசை.”

அந்த வார்த்தையை நம்பித்தான் அவனிடம் போய் வாக்குக் கொடுத்தேன்.

அவன் என்னைவிடச் சின்னவன். கல்லூரியில் கடைசி வருஷம். மன்றத்து நாடகக் குழுவில் எழுதுவதும் இயக்குவதும் அவன்தான். என்னை ‘செகரெட்டரி அக்கா’ என்று வம்புக்கு இழுப்பான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா மண்டபங்களில் எச்சில் இலை எடுக்கிற வேலை பார்த்தார். முகூர்த்தக் காலத்தில் ஒரே நாளில் காலையில் ஒரு மண்டபம், மாலையில் ஒரு மண்டபம். எங்கள் மன்றத்துக் கட்டடத்திலும் அவர்தான். எத்தனையோ கல்யாணத்தில் நானும் அங்கே சாப்பிட்டிருக்கிறேன், என் இலையையும் அவர் எடுத்திருப்பார். அவனைத் தெரிந்த பிறகுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த வருஷ விழாவுக்கு அவன் எழுதிய நாடகம் அம்மாவைப் பற்றியது. முன்பாதி முழுக்கச் சிரிப்பு. ஒரு கல்யாண வீடு, பந்தி நடக்கிறது, இலை எடுக்கிற பெண் ஒருத்தி வாளியோடு வரிசைக்குப் பின்னால் நிற்கிறாள். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் கதையடிக்கிறவர்களிடம் அவள் கெஞ்சுவாள்: “எந்திரிங்க சாமி, அடுத்த பந்தி நிக்குது.” அவன் அம்மா உண்மையிலேயே சொல்கிற வார்த்தை அது. நாடகத்தில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருந்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்பு. இலையில் மிச்சம் வைத்ததைப் பார்த்து, சாப்பிட்ட ஆள் கஞ்சனா, மாப்பிள்ளை வீட்டோடு மனஸ்தாபமா என்று அவள் தனக்குள் பேசிக்கொள்வாள். கடைசியில் சிந்திக் கிடந்த ரசத்தில் வழுக்கி, வாளியோடு விழுவாள். பந்தியில் இருப்பவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு காட்சி. மேடை காலியாகும். அவள் எழுந்து, சேலையைத் துடைத்துக்கொண்டு, தனக்கு ஓர் இலையைப் போட்டுத் தரையில் உட்காருவாள். சிரித்தவர்களே ஒருவர் ஒருவராக வந்து அவளுக்குப் பரிமாறுவார்கள். உப்பிலிருந்து பாயசம் வரை. அவள் சாப்பிடுவாள். யாரும் பேச மாட்டார்கள். பாட்டு கிடையாது, விளக்கை மங்க வைப்பது கிடையாது. அவள் சாப்பிட்டு முடித்து, இலையைத் தன் பக்கமாக மடித்து வைக்கும் வரை எல்லோரும் அவளுக்குப் பின்னால் நிற்பார்கள். அதுதான் முடிவு. நிஜச் சோறு, நிஜக் குழம்பு, வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டு வருவதாக ஏற்பாடு.

மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தோம். கண்மாய்ப் பக்கமிருந்து நல்ல காற்று வரும். அந்தப் பெண்ணாக நடித்தவள் எங்கள் தெருக்காரி, வாயாடி. முதல் தடவை அந்தக் கடைசிக் காட்சியில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டபோது, அதுவரை கூத்தடித்துக்கொண்டிருந்த பயல்கள் எல்லாம் அடங்கிவிட்டார்கள். எனக்கு மூக்கு ஒழுகிவிட்டது. அழகாகக் கண்ணீர் விடுகிற ஆள் நானில்லை.

“இம்புட்டுச் சிரிப்பு எதுக்குடா முன்னாடி?” என்று அவனைக் கேட்டேன்.

“சிரிக்கட்டும்க்கா. நல்லாச் சிரிச்சாத்தான், பெறகு அந்த வாய வச்சுக்கிட்டு என்ன செய்யிறதுன்னு தெரியாம உக்காந்திருப்பாய்ங்க.” கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: “எங்கம்மா பந்தியில உக்காந்து சாப்ட்டு நான் பாத்ததே இல்லக்கா. அடுப்படியில நின்னுக்கிட்டே நாலு வாய் போட்டுக்கிரும். இந்தக் கடைசி சீன அது பாக்கணும். மத்தவய்ங்க பாத்தா என்ன, பாக்காட்டி என்ன.”

“பாக்கும்டா. நாந்தான செகரெட்டரி” என்றேன்.

விழா அன்று காலையில் நான் மண்டபத்துக்குப் போனால், வாசலில் இரண்டு பேர் ஏணி போட்டு மாப்பிள்ளை, பெண் பெயர் எழுதிய வளைவைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே அடுப்பு மூட்டி வெங்காயம் உரிக்கிறார்கள். என்னவென்று கேட்டால், சாயங்காலம் ரிசப்ஷன் என்றார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நேரே தலைவரிடம் போனேன்.

“நம்ம கமிட்டி மெம்பர் வீட்டு விசேஷம் பாப்பா. அவசரமாக் கேட்டாங்க, மாட்டேங்க முடியுமா? ஆறு மணிக்கு எடத்த விட்டுட்டாப் போதும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல சார்?”

“ஒனக்கு எதுக்கு டென்ஷன்னுதான் சொல்லல.”

என் டென்ஷன் மேல் அவருக்கு இருந்த அக்கறையை என்னவென்று சொல்ல! அங்கேயே நின்று வரிசையை மாற்றினேன். மூன்று மணிக்கு விழா தொடங்கும், வரவேற்பு முடிந்த கையோடு நாடகம், பேச்செல்லாம் அதற்குப் பிறகு. தலைவர் தலையை ஆட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். தலையை ஆட்டுவதில் எங்கள் மன்றத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவன் அம்மா சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். தீபாவளிக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலை, தலை நிறைய எண்ணெய். பழக்க தோஷத்தில் பின்கட்டு வழியாக வந்து அடுப்படியில் நின்றார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து, முன்வாசல் வழியாக மாடிக்குக் கூட்டிப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

“ஆறு மணிக்குக் கீழ வேல இருக்கு தாயி. இந்த ரிசப்ஷனுக்கு நாந்தான். அதுக்குள்ள முடிஞ்சுருமா?”

“முடிஞ்சுரும்மா. ஒங்க மகன் நாடகந்தான் மொதல்ல.”

மூன்று மணிக்குத் தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் ஊரில் பெரிய ஜவுளிக்கடைக்காரர், அவர் வராமல் குத்துவிளக்கை ஏற்றக்கூடாதாம். நாலரை மணிக்கு வந்தார். நான் நாடகக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினேன், அவர்கள் தயாராகத்தான் நின்றார்கள். தலைவர் என் காதருகே குனிந்தார். “ஒரு சால்வையப் போட்டுட்டு ஆரம்பிச்சுருவோம் பாப்பா. பத்தே நிமிஷம்.”

மதுரையில் மேடை பார்த்தவர்களுக்குத் தெரியும். சால்வை ஒன்றோடு நிற்காது. விருந்தினருக்குப் போர்த்துவதும் ஒரு மரியாதை, ஆகவே யார் போர்த்துவது என்பதில் யாரையும் விட்டுவிட முடியாது. தலைவர் போர்த்தினார், துணைத்தலைவர்கள் போர்த்தினார்கள், பொருளாளர் போர்த்தினார். போர்த்தியவர்களை விருந்தினர் சும்மா அனுப்ப முடியுமா? அவர்களுக்கும் ஆளுக்கொன்று. சிம்மக்கல்லில் மொத்தமாக வாங்கி வந்திருந்த மூட்டையிலிருந்து சால்வை வந்துகொண்டே இருந்தது. புகைப்படக்காரர் வேறு, “சார், இன்னொருக்கா கையப் புடிங்க” என்கிறார். எனக்கும் ஒன்று விழுந்தது. சித்திரை வெயிலில், ஃபேன் எட்டாத இடத்தில், ஜிகினாச் சால்வையோடு மேடை நாற்காலியில் நான். அந்த நாற்காலிதான் எனக்கு வைத்த பூட்டு என்று அப்போதுதான் விளங்கியது. கீழே இருந்தால் ஓடியாடி எதையாவது செய்திருப்பேன். மேடையில் இருக்கிற செயலாளர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் விருந்தினர் பேசினார். தலைப்பை அவரே சொன்னார்: இளைஞர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். கையை வீசி வீசிப் பேசினார். இளைஞர்கள் திரைக்குப் பின்னால் வேஷத்தோடு வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாடகம் ஒருவழியாகத் தொடங்கியபோது மேடையில் இருந்த எங்களை முதல் வரிசைக்கு இறக்கினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பித் திரும்பி மூன்றாவது வரிசையையே பார்த்தேன்.

வாளியோடு அந்தப் பெண் மேடைக்கு வந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையில் துண்டு கட்டியிருந்த விதம் அவருடையது. முதல் ‘எந்திரிங்க சாமி’க்குக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரி அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. இருங்கம்மா, இன்னும் கொஞ்ச நேரம், இதெல்லாம் எதுக்குன்னு தெரியும், இருங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மேடையில் அவள் ரசத்தில் வழுக்கி விழுந்தாள். மண்டபமே அதிர்ந்தது. விசிலடித்தார்கள். அவ்வளவு கூட்டமும் அவ்வளவு சிரிப்பும் அந்த மன்றம் பல வருஷமாகக் காணாதது.

அதே நேரத்தில் மண்டப மேலாளர் குனிந்தபடி வந்து தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த மைக் செட்டுக்காரரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். அதற்கு என்ன அர்த்தம் என்று மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் சால்வையை உதறிவிட்டு ஓடினேன்.

“அண்ணே, இன்னும் ஒரே ஒரு சீனு இருக்குண்ணே. போட்டுறாதீங்க.”

“தலைவரு சொல்லிட்டாரும்மா.”

“நாந்தாண்ணே செகரெட்டரி!”

அவர் என்னைப் பார்த்தார். கேலியாகக்கூடப் பார்க்கவில்லை, பாவமாகத்தான் பார்த்தார். பொத்தானை அழுத்தினார்.

நாட்டுப்பண் ஒலித்தது.

எங்கள் ஊரில் எந்த விழாவுக்கும் அதுதான் முற்றுப்புள்ளி. மொத்த மண்டபமும் எழுந்து நின்றது. மேடையில் விழுந்து கிடந்தவள் மிரண்டுபோய் எழுந்து, சேலையில் ரசம் சொட்டச் சொட்ட விறைப்பாக நின்றாள். போனோடு சிரித்துக்கொண்டிருந்த பந்திக்காரர்கள் போனை இறக்கிவிட்டு நின்றார்கள். திரையோரத்தில் அவன் வேஷத்தோடு நின்றான். ஒரு கையில் தலைவாழை இலை, இன்னொரு கையில் தூக்குவாளி. நானும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வேறு எதுவாக இருந்தாலும் வயரைப் பிடுங்கியிருப்பேன், கத்தியிருப்பேன், தலைவரின் கசங்காத சட்டையைக் கசக்கியிருப்பேன். அது ஓடும்போது யார் என்ன செய்ய முடியும்?

முடிந்ததும் கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. பூ அலங்காரம் செய்கிறவர்கள் மேடையில் ஏறிவிட்டார்கள். கீழிருந்து ஒருவர் படியேறி வந்து மூன்றாவது வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “அக்கா, இங்கிட்டு என்ன பண்றீங்க? எல கழுவணும், வெரசா வாங்க.” அவன் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவன் அரிதாரத்தைக்கூடக் கலைக்காமல் தேடி ஓடினான், நானும் பின்னாலேயே ஓடினேன். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில், அந்த மாம்பழ நிறச் சேலையோடு, குத்தவைத்து இலையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

“அம்மா, நாடகம் இன்னும் முடியலம்மா. இன்னும் ஒரு சீனு…”

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “மூஞ்சி பூராம் மையா இருக்கு, போய்க் கழுவு. சாப்ட்டியா?” என்றார். அவ்வளவுதான். திரும்பவும் இலையைக் கழுவத் தொடங்கிவிட்டார். கோபமா, வருத்தமா, ஒன்றும் இல்லையா, எங்களுக்குப் பிடிபடவில்லை.

மறுவாரம் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நாடகத்தைப் பாதியில் கொன்றீர்கள் என்றேன். தலைவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “என்ன பாப்பா சொல்ற? ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. கைதட்டு வாங்குன எடத்துல முடிச்சுறணும். எம்புட்டு வருஷ அனுபவம் எனக்கு!” அவர் கெட்டவர் இல்லை. அந்த விழுகிற இடம்தான் நாடகத்தின் முடிவு என்று மனசார நம்பினார். நாங்கள் எழுதியது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை, ஒத்திகைக்கு மாடி ஏறி வந்ததில்லை, ஆனால் எங்கே முடிக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பேட்ஜை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். “பாப்பா கோவிச்சுக்கிருச்சு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருஷ ஃப்ளெக்ஸில் என் இடத்தில் வேறொரு பாப்பா இருந்தாள்.

முழு நாடகத்தையும் ஒருநாள் போட மண்டபம் கேட்டு அவன் கொஞ்சநாள் அலைந்தான். பார்க்கலாம் பார்க்கலாம் என்றார்கள். வீட்டில் அம்மாவிடம் கடைசிக் காட்சியை வாயாலாவது சொல்லிவிடப் பார்த்தான். “போடா, சோலியப் பாரு” என்று எழுந்து போய்விட்டாராம். அதற்கு மேல் வற்புறுத்த அவனுக்குக் கூச்சம். நாடகக் குழு வேலைக்கும் கல்யாணத்துக்குமாகச் சிதறியது. அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனான். ஒரு வரிகூட அப்புறம் எழுதவில்லை. நான் கேட்டால், “எழுதி? யாரு விரலத் தூக்குவான்னு பாத்துக்கிட்டே இருக்கணுமாக்கா?” என்பான்.

சில வருஷம் கழித்து அவனுக்குக் கல்யாணம். நிலையூர்ப் பக்கம் சின்ன மண்டபம். முதல் பந்தியிலேயே அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தான், நான் எதிர்வரிசையில் இருந்தேன். பட்டு வேட்டியோடு அவனே பரிமாறினான். மாப்பிள்ளை பந்தி பரிமாறுகிறானே என்று பெண் வீட்டார் பதறினார்கள், அவன் காதில் வாங்கவில்லை. உப்பு வைத்தான், கூட்டு வைத்தான், சோற்றைப் போட்டான். “மெதுவாச் சாப்புடும்மா” என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். என்ன செய்கிறான் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் குழம்புச் சோற்றை அள்ளி அள்ளி விழுங்கினார். நின்றபடி சாப்பிட்டுப் பழகிய வேகம். வாசல் பக்கம் அடுத்த பந்திக்கு ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், ரசத்துக்குக் காத்திருக்கவில்லை. இலையை மடித்தார், எழுந்தார். பக்கத்தில் பேசிக்கொண்டே சாப்பிட்ட சம்பந்தி வீட்டுக்காரரிடம், “எந்திரிங்க சாமி, அடுத்த பந்தி நிக்குது” என்றார். சொல்லிக்கொண்டே அந்த ஆளின் இலையையும் எடுக்கக் குனிந்தார். வரிசையே சிரித்தது. அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். பாயசம் எடுத்துவரப் போயிருந்த அவன், வாளியோடு அப்படியே நின்றுவிட்டான்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். நுரையீரலில் ஏதோ. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார்.

இந்த வருஷம் மன்றத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க கே.கே. நகர் வந்தாள். நான் இப்போது அங்கே ஒரு பல் மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். புதுச் செயலாளராம். கல்லூரிப் பெண், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். அன்றைக்கு ரசத்தில் விழுந்து நடித்தவள் இவளுடைய சித்தி. சித்தி சொல்லிக் கேட்டு, அந்த நாடகத்தை முழுசாகப் போட வேண்டும் என்று வந்திருந்தாள்.

“தலைவரு என்ன சொல்றாரு?” என்றேன்.

“அவுங்க தவறிட்டாங்கள்லக்கா. மத்தவங்க யாரும் இப்ப மாடி ஏறுறதில்ல, முட்டி வலி. சாவி பூராம் எங்ககிட்டத்தான் இருக்கு.”

“மைக் செட்டுக்காரரு யாரு பேச்சக் கேப்பாரு?”

“மைக் செட்டா? எல்லாம் எங்க லேப்டாப்புலதான் ஓடுதுக்கா.”

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கொடுத்தோம், கொடுத்தோம் என்று மைக்கில் சொன்னவர்கள் கடைசி வரை எதையும் கொடுக்கவில்லை. தூக்க முடியாமல் போனதும் கீழே வைத்துவிட்டுப் போனார்கள், இந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நாங்கள் ஒரு கூட்டம் இருந்தோமே, எங்களுக்கு என்ன பதில்? அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அவளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மத்தியானம் அவனுக்குப் போன் செய்தேன். கம்பெனிச் சத்தத்திலிருந்து வெளியே வந்து பேசினான். விஷயத்தைச் சொன்னேன்.

“நாடகத்தக் குடுத்துரு அக்கா. கடைசி சீனுல நெசச் சோறுதான் வைக்கணும்னு சொல்லு. அவ சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் யாரு வந்து என்ன சொன்னாலும் நிப்பாட்டக் கூடாதுன்னு சொல்லு.”

“சொல்றேன். நீ வாரியா?”

“நான் எதுக்குக்கா? பாக்க வேண்டிய ஆளு போயிருச்சு.” அப்புறம், “ஒங்கிட்ட ஒண்ணு சொல்லல” என்றான். “எங்கம்மா அந்த நாடகத்தப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்லைல்ல? ஆஸ்பத்திரியில பேசுச்சு. பக்கத்துப் படுக்கையில ஒரு அம்மா, ஒங்க மகன் என்ன பண்றாருன்னு கேட்டுச்சு. அதுக்கு எங்கம்மா சொல்லுது, ‘எம்மகன் என்னய வச்சு நாடகம் போட்டவன். நான் வழுக்கி விழுகுற மாதிரி. ஜனம் அம்புட்டும் சிரிச்சுச்சு’ன்னு. பெருமையாத்தான்க்கா சொல்லுச்சு.”

நான் போனோடு எழுந்து மருத்துவமனை வாசலுக்கு வந்தேன்.

“‘அதோட முடியலம்மா, இன்னும் ஒரு சீனு இருக்கு’ன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அந்தப் பக்கத்துப் படுக்க அம்மா சிரிச்சுருச்சு. எங்கம்மாவும் கூடச் சேந்து சிரிச்சுச்சு, மூச்சு வாங்க வாங்க. அப்பிடியே விட்டுட்டேன்.”

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “வேல கெடக்கு, வைக்கிறேன்க்கா” என்றான்.